மனைவிக்கு வராத கண்ணீர் நாய்க்கு வந்தது குற்றமா?

ஏற்காட்டுப் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றிலிருந்து 61 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

காப்பித் தோட்டம் ஒன்றில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருப்பவர். இரண்டு ஆண்டுகள் புற்றுநோயோடு போராடிய அவருடைய மனைவி கடந்த ஐப்பசியில் இறந்துவிட்டார். மருத்துவமனை, மயானம், கருமாதி என எல்லாவற்றையும் இவர்தான் முன்னின்று நடத்தினார். அழவில்லை. “கல்நெஞ்சக்காரன்” என்று உறவில் ஒருவர் சொன்னதும் காதில் விழுந்தது. மனைவி வளர்த்த நாட்டு நாய் மணி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒண்டிக்கடை பக்கம் மழையில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை முந்தானையில் சுற்றி எடுத்து வந்தாராம். மாசியில் மணிக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு வாரம் குளுக்கோஸ் ஏற்றியும் தேறவில்லை. வலியில்லாமல் ஊசி போட்டுவிடலாம் என்றார் கால்நடை மருத்துவர். இவர் தலையசைத்தார். வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் புதைத்துவிட்டு வந்த அன்று அழத் தொடங்கியவருக்கு வைகாசி பிறந்தும் அழுகை ஓயவில்லை.

“அம்மாவுக்கு அழாதவர் நாய்க்கு அழுகிறீர்களே” என்று மகன் கேட்டுவிட்டார். வருடம் திரும்பும்வரை விளக்கேற்றக் கூடாது, கோயில் வாசல் மிதிக்கக் கூடாது, சேர்வராயன் திருவிழாப் பக்கமே போகக் கூடாது என்கிறார் மனைவியின் அண்ணன். ஒரு வீட்டில் அடுத்தடுத்து இரண்டு உயிர் போனது தோஷம், பரிகாரம் செய்யாவிட்டால் மூன்றாவதும் போகும் என்று சொல்லி 40,000 ரூபாய் கேட்கிறார் ஒரு ஜோதிடர். பூஜை அறையில் இருந்த முருகன் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டார் வாசகர். இரவில் கதவை மணி பிறாண்டும் சத்தம் கேட்கிறதாம். மணிக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கலாமா என்று கேட்டதற்கு மைத்துனர் சிரித்தாராம். மலையை விட்டு இறங்கிச் சேலத்துக்கு வந்துவிடும்படி மகன் வற்புறுத்துகிறார். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு வரி: “இருவரும் போன இடத்துக்கு நானும் போய்விட்டால் தேவலை என்று சில இரவுகளில் தோன்றுகிறது.”

அன்புள்ள ஐயா,

அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். துணையை இழந்தவர்களுக்கு “நானும் போய்விட்டால்” என்ற எண்ணம் வந்து போவது அபூர்வமில்லை. அது ஏக்கமாக மட்டும் வருகிறதா, அல்லது எப்படி, எப்போது என்று யோசிக்கும் அளவுக்குப் போகிறதா? இதை உங்களை நீங்களே நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். பக்கத்து வீட்டில் யாரையாவது எழுப்பி அன்றிரவு உடன் இருக்கச் சொல்லுங்கள். ஏக்கம் மட்டும்தான் என்றாலும் ஒரு காரியம் செய்தாக வேண்டும். தோட்டத்துப் பூச்சிமருந்து அறையின் சாவி உங்களிடம்தான் இருக்கிறது என்று வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே மேஸ்திரியிடம் கொடுத்துவிடுங்கள். காரணம் சொல்லத் தயக்கமாக இருந்தால் உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. இப்படிப்பட்ட எண்ணம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து அடங்குவது. அது எழும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருக்கக் கூடாது.

இனி மற்றவற்றுக்கு வருவோம்.

அழாத மாதங்களும் அழுகிற மாதங்களும்

உங்கள் கடிதத்தின் தேதிகளைக் கொஞ்சம் அடுக்கிப் பாருங்கள். ஐப்பசியில் மனைவி போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபோது கார்த்திகை. தோட்டத்தில் பழம் பறிப்பு தொடங்கியிருக்கும். ஆள் கணக்கு, எடை, பழத்தோல் உரிக்கும் பல்பர் இயந்திரம், களத்தில் காயும் கொட்டையைப் பனிக்கு முன் மூடுவது என்று தை முடியும்வரை உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருந்திருக்காது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் அப்படித்தான்: கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் இறங்கி மருத்துவமனை, ஏறி வீடு, கடன், மருந்துச் சீட்டு. எடுத்துச் செய்ய ஏதாவது ஒரு வேலை எப்போதும் முன்னால் நின்றது. மாசியில் பறிப்பு முடிந்தது. வீட்டில் மிச்சமிருந்த ஒரே வேலை மணிக்குச் சோறு வைப்பது. அதுவும் போன அன்றுதான் நீங்கள் அழுதீர்கள்.

அந்தக் கண்ணீர் எல்லாமே நாய்க்கானது என்று உங்கள் மகன் நினைக்கிறார். நீங்களும் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாயங்காலம் ஆனால் வாசற்படியில் படுத்து மனைவி வரும் வழியையே பார்த்துக்கொண்டிருக்கும் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வீட்டில் அவருக்காகக் காத்திருந்த கடைசி உயிர் மணி. அது போனதும்தான் அவர் வரமாட்டார் என்பது உங்களுக்கு உறுதியானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனைவிக்காக ஊரே வந்தது, மாலை போட்டது, எட்டு வைத்தது, சாப்பாடு கொண்டுவந்தது. மணிக்காக யாரும் வரவில்லை; வந்திருந்தாலும் நீங்கள் கூச்சப்பட்டிருப்பீர்கள். ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று ஒரு வகையை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் எழுதினார். துக்கம் விசாரிக்க யாரும் வராத துக்கம் உள்ளேயே தங்கிப் பெருகும் என்பது மனநல ஆலோசனை செய்யும் எல்லோருக்கும் தெரிந்தது. வளர்ப்புப் பிராணிகளை இழந்தவர்கள் இந்த வகையில்தான் வருகிறார்கள்.

நீங்கள் பாரதம் கேட்டு வளர்ந்தவர் என்பதால் இதையும் சொல்கிறேன். தருமரின் நாயைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சற்று முன்னால் நடந்தது பலருக்கு நினைவிருப்பதில்லை. இமயத்தின் வழியில் திரௌபதி விழுகிறாள். தம்பிகள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். தருமர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். கடைசியில் இந்திரன் வந்து, நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறு என்கிறபோது மாட்டேன் என்று நிற்கிறார். மனைவியையும் தம்பிகளையும் விட்டு வந்தவன் ஒரு நாயை விட மறுக்கிறாயே என்று இந்திரனே கேட்டுவிடுகிறான். உங்கள் மகன் கேட்ட கேள்வியேதான். இறந்துபோனவர்களை என்னால் மீட்க முடியாது, உயிரோடு என்னை நம்பி வந்ததை விடமாட்டேன் என்பது தருமரின் பதில். அதற்காக அவர் திரௌபதியை நேசிக்கவில்லை என்று யாராவது சொல்வார்களா?

உங்கள் தங்கை மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய “துக்கத்தின் ஐந்து நிலைகள்” பட்டியலை அழித்துவிடுங்கள். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தேடிக் குழம்பியிருக்கிறீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்லர் ராஸ் 1969இல் அந்த நிலைகளை எழுதியது சாகப்போகும் நோயாளிகளைச் சந்தித்து; துணையை இழந்தவர்கள் ஏறி முடிக்க வேண்டிய படிக்கட்டாக அல்ல. துக்கம் வரிசையாக வருவதில்லை. காலையில் கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டே சிரிப்பீர்கள், மதியம் உடைந்துபோவீர்கள். இரண்டும் மாறி மாறி வருவதுதான் இயல்பு.

ஊசிக்குச் சம்மதித்தது

“கும்பிட்ட கையாலேயே கொன்றுவிட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். வயதான நாயின் சிறுநீரகம் பழுதாகிவிட்டால் அந்தச் சேதத்தைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. குளுக்கோஸ் ஏற்றுவது உடம்பில் தேங்கும் கழிவைக் கொஞ்சம் கழுவி நாளைத் தள்ளிப்போடும். மணி சாப்பிடுவதை நிறுத்தி, வாயில் புண் வந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் உங்கள் முன்னால் இருந்தவை இரண்டே வழிகள்: சில நாள் வேதனையோடு சாவு, அல்லது அன்றே வேதனையில்லாத சாவு. பிழைக்கும் என்ற வழி மூன்றாவதாக இல்லை. இல்லாத அந்த மூன்றாவது வழியை மனதில் வைத்துத்தான் உங்களுக்கு நீங்கள் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

உயிரை எடுக்க மனிதனுக்கு உரிமை உண்டா என்ற கேள்வியில் நம் மரபுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. அகிம்சையைப் பிடித்துக்கொண்டு கூடாது என்பவர்கள் உண்டு. துடிக்கவிடுவதுதான் பாவம் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம். நீங்கள் முதல் பக்கமாக இருந்தால் அதை வாதாடி மாற்ற வரமாட்டேன். ஆனால் அப்போதும், வேதனையைக் குறைக்கச் செய்த காரியத்துக்கும் வேண்டாமென்று கொன்றதற்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள்.

தீட்டு, விளக்கு, சுவர் பக்கம் திரும்பிய முருகன்

தீட்டு விஷயத்தில் உங்கள் மைத்துனர் பல வழக்கங்களை ஒன்றாகக் கட்டிவிட்டார். பல குடும்பங்களில் பதினாறாம் நாள் காரியத்தோடு தீட்டு கழிகிறது. சிலரிடம் அது பத்து நாள், பதின்மூன்று நாள். ஓராண்டு பண்டிகை கொண்டாடாமல் இருப்பதும் மலைக்கோயில் ஏறாமல் இருப்பதும் தனி வழக்கம். துக்க வீட்டுக்கு ஊர் கொடுக்கும் விடுப்பு என்றே நான் அதைப் பார்க்கிறேன். தீபாவளிக்குப் பலகாரம் சுடவில்லையா என்று யாரும் உங்களைக் கேட்க முடியாது அல்லவா? ஆனால் வீட்டில் விளக்கே ஏற்றக் கூடாது என்பதை எல்லோருக்கும் பொதுவான விதியாக நான் கேள்விப்பட்டதில்லை. துக்க வீட்டில்தான் இறந்தவர் படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது. உங்கள் குல வழக்கம் என்னவென்று பங்காளிகளில் மூத்தவர் ஒருவரைக் கேளுங்கள். மைத்துனர் வீட்டு வழக்கம் அவர் வீட்டுக்கு. (மலை ஏறக் கூடாது என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால், சேலத்துக்கு மளிகை வாங்கப் போன நீங்கள் வீடு திரும்பவே முடியாது.) திருவிழாவுக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். கூட்டத்தில் ஆளாளுக்கு விசாரிப்பார்கள், அது தாங்காது என்று தோன்றினால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். இது வேறு காரணம், இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

முருகன் படத்தைத் திருப்பி வைத்ததற்காகப் பயப்படுகிறீர்கள். சாமி கும்பிடுகிறவர்கள் சாமியோடு சண்டை போடுவது நம்மூரில் புதிதா? கண்பார்வை போன சுந்தரர் திருவாரூருக்கு வந்து, நீங்களாவது நன்றாக இருங்கள் என்ற தொனியில் சிவனைச் சாடிப் பாடியதைத் தேவாரமாக வைத்து இன்றும் ஓதுகிறோம். கோபம் உறவு முறிந்ததற்கு அடையாளமில்லை. எனக்குக் கவலை தருவது கடிதத்தின் நாலாம் பக்கத்தில் இருக்கும் இன்னொன்று: “நான் செய்த ஏதோ பாவத்துக்குத்தான் இருவரையும் எடுத்துக்கொண்டான்.” கடவுளிடம் கோபிப்பவர்கள் பெரும்பாலும் மீண்டு வந்துவிடுகிறார்கள். கடவுள் தன்னைத் தண்டிக்கிறார் என்று நம்பி அந்த நம்பிக்கையிலேயே தங்கிவிடுகிறவர்கள்தான் உடலாலும் மனதாலும் தளர்ந்துபோகிறார்கள். நம்பிக்கையும் துயரமும் சேரும் இடத்தை நெடுங்காலம் ஆராய்ந்த கென்னத் பர்கமென்ட் போன்ற உளவியலாளர்களும், இப்படிப்பட்ட மனப்போராட்டத்திலேயே தங்கிவிடுவது ஆளைத் தளர்த்துகிறது என்று கண்டிருக்கிறார்கள். புற்றுநோய்க்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் உங்கள் பாவ புண்ணியக் கணக்கோடு தொடர்பில்லை. படத்தை நீங்களாகத் திருப்ப வேண்டும் என்று தோன்றும்போது திருப்புங்கள். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதால் முருகன் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஜோதிடர் கேட்கும் 40,000 ரூபாய்

கொடுக்காதீர்கள். ஜோதிடம் உண்மையா பொய்யா என்ற விவாதத்துக்கே நான் போகவில்லை. மூன்றாவது உயிர் போகும் என்று துக்க வீட்டில் வந்து சொல்பவர் உங்கள் பயத்தைத்தான் விலைபேசுகிறார். மனதை ஆற்றுவதற்காக நம் முன்னோர் வைத்த சடங்குகளைப் பாருங்கள்: கைப்பிடி எள், ஆற்றுத் தண்ணீர், காக்கைக்கு ஒரு உருண்டை சோறு. எதற்கும் பெரிய செலவில்லை. எதிலும் மிரட்டல் இல்லை. மனைவி பெயரில் ஏதாவது செலவு செய்தே ஆக வேண்டும் என்று மனம் கேட்டால், அதில் ஒரு சிறு பகுதியில் அன்னதானம் செய்யுங்கள். மீதி உங்கள் மருந்துக்கும் மழைக்காலத்துக்கும் இருக்கட்டும்.

மணிக்கு எள்ளும் தண்ணீரும்

மைத்துனர் சிரித்த கேள்வி இது. திருவண்ணாமலை உங்களுக்குத் தூரமில்லை. போகும்போது ரமணாசிரமத்துக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். லட்சுமி என்ற பசு 1948 ஜூன் 18 அன்று இறந்தபோது ரமணர் அதன் அருகில் உட்கார்ந்து தலையில் கைவைத்திருந்தார். அதற்குச் சமாதி எழுப்பி, அது முக்தி பெற்றதாகத் தம் கையாலேயே செய்யுளும் எழுதினார். பக்கத்திலேயே ஒரு மானுக்கும் ஒரு காக்கைக்கும் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதிகள் இருக்கின்றன. ராமன் கழுகரசன் ஜடாயுவுக்குத் தந்தைக்குச் செய்வதுபோல் ஈமக்கடன் செய்ததைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். தர்ப்பணத்தின் முடிவிலும் தாய், தந்தை, உறவு, நண்பர் என்று யாரும் இல்லாதவர்களுக்காகத் தண்ணீர் விடும் ஒரு பகுதி இருக்கிறது. மணி அதற்குள் அடங்காதா?

ஆடி அமாவாசைக்கு மேட்டூர்க் காவிரிக்கோ பவானி கூடுதுறைக்கோ போகும் எண்ணம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போய் வாருங்கள். மனைவிக்குச் செய்வதை முறைப்படி செய்யுங்கள். மணிக்கும் சேர்த்துச் செய்ய வேண்டுமென்று புரோகிதரிடம் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் கரையிலேயே வாதாட வேண்டாம், இறங்கி இரண்டு கை தண்ணீர் நீங்களே விடுங்கள். வீட்டில் காக்கைக்குச் சோறு வைக்கும் நாளில் ஒரு பங்கைத் தெரு நாய்களுக்கு வையுங்கள். இருவரும் ஒரே இடத்தில் இருப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லும் தகுதி என் படிப்புக்கு இல்லை. நாய் இல்லாத சொர்க்கம் வேண்டாம் என்றவரை உள்ளே அழைத்த கதை நம்முடையது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

இரவுச் சத்தமும் இரவுக் குடியும்

பிறாண்டும் சத்தம் கேட்பது பைத்தியம் அல்ல, பேயும் அல்ல. பன்னிரண்டு ஆண்டுகள் பழகிய காது அந்த நேரத்துக்கு அந்தச் சத்தத்தை எதிர்பார்க்கிறது. இறந்த துணையின் காலடி, குரல், மணம் உணரப்படுவது துக்கத்தில் இருப்பவர்களிடம் பரவலாகக் காணப்படுவதுதான். ஆனால் அந்தக் குரல் உங்களை ஏதாவது செய்யச் சொன்னாலோ, பகலிலும் தொடர்ந்தாலோ, தேதி கிழமை குழம்பினாலோ மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

தூக்கத்துக்காகத் தினமும் குடிக்கிறேன் என்று ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். மது தூக்கத்தில் ஆழ்த்துவதுபோல் ஆழ்த்தி நள்ளிரவுக்குமேல் எழுப்பிவிடும். நீங்கள் இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு சத்தத்துக்குக் காது கொடுப்பதாக எழுதியதும் இதுவும் தொடர்பில்லாதவை அல்ல. தினசரிக் குடி நீண்ட நாள் ஆகியிருந்தால் ஒரே நாளில் நிறுத்தாமல் மருத்துவர் சொல்படி குறையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய வகைப்பாட்டில், ஆறு மாதம் கடந்தும் அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போடும் ஏக்கத்துக்கு நீடித்த துயரக் கோளாறு என்று பெயரிருக்கிறது. உங்களுக்கு அது இருக்கிறது என்று கடிதத்தை வைத்து நான் சொல்லமாட்டேன். கடிதத்தில் நீங்கள் சொல்லும் எடை குறைவு, தூக்கமின்மை, முதலில் பேசிய அந்த எண்ணம் மூன்றும் சேர்ந்திருப்பதால் நேரில் பார்க்க வேண்டிய நிலை என்று மட்டும் சொல்வேன். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனைவி சிகிச்சை பெற்ற ஊருக்கே மறுபடி போவது கடினம் என்பது புரிகிறது. மகனை உடன் அழைத்துப் போங்கள்.

மலையா, சேலமா?

தலை திவசம் முடியும்வரை வீட்டைக் காலிசெய்வது, வேலையை விடுவது, மனைவியின் புடவைகளை மொத்தமாகக் கொடுத்துவிடுவது போன்ற திரும்பப் பெற முடியாத முடிவுகளைத் தள்ளிப்போடுங்கள். அதே சமயம், தென்மேற்குப் பருவத்தின் பனிமூட்டத்தில், குடித்துவிட்டுத் தனியாக ஒரு வீட்டில் இருப்பது இப்போது உங்களுக்கு நல்லதல்ல. மழைக்காலத்தில் வார இறுதிகளை மகன் வீட்டில் கழியுங்கள். மற்ற நாட்களில் இரவு படுக்க மேஸ்திரி வீட்டுப் பையனை வரச் சொல்லுங்கள். மலை உங்கள் வேலையும் நட்பும் இருக்கும் இடம். அதை விட்டால் மூன்றாவதாகவும் ஓர் இழப்பு சேரும். மகனிடம் இதை இப்படியே சொல்லலாம்.

இன்னொரு நாய்க்குட்டி வேண்டுமா என்ற கேள்விக்கு அவசரமில்லை. மணியின் இடத்தில் வைப்பதற்கு என்றால் வேண்டாம். அந்தக் குட்டி பாவம், எதைச் செய்தாலும் மணிபோல் இல்லை என்று பேர் வாங்கும். மறுபடி ஓர் உயிருக்குச் சோறு வைக்கக் கை தேடினால் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேலத்தில் இருக்கும் நாட்களில் யார் பார்த்துக்கொள்வது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள், ரேபீஸ் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

இந்தப் பதிலை மகனிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்கு நான் சொல்வது: தம்பி, அம்மாவை இழந்த நீங்களும் துக்கத்தில்தான் இருக்கிறீர்கள், உங்கள் கேள்வியில் அது தெரிகிறது. அப்பா அம்மாவுக்காக அழவில்லை என்று உங்களுக்கு இருக்கும் வருத்தத்தை நாயைச் சாக்காக வைத்துக் கேட்காமல் நேராகக் கேளுங்கள். கேட்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை மலையேறி வந்து, இரவு தங்கி, அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மறுநாள் இருவரும் சேர்ந்து ஆடி அமாவாசைக்கான ஏற்பாட்டைப் பேசுங்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.